சூட்டோடு அளந்து பார்

ஸ்மோல்யான்
9 பிப்ரவரி 2003

திரு. மெத்தோடி அவர்களுக்கு,

நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி மூடுவதாக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனைவி ஸ்லாத்தினா தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அவருடைய அக்காவான என் மனைவி வெனெத்தா மருந்துக்கடைச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். பீன்ஸ் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன இது?"

"உங்க சகலையோட தலைவலி. படிச்சுட்டுக் கோபப்படுங்க. படிக்காமயே ஆரம்பிக்காதீங்க."

படித்தேன். டாக்டர் டெமெனுகாவின் வெள்ளை வண்டி. இரண்டு வருடம் முன்பு, பெட்ரோலோடு கேஸிலும் ஓடும்படி நீங்கள்தான் அதற்குக் கேஸ் பொருத்தினீர்கள். காலைக் குளிரில் ஒழுங்காக ஓடுகிறது. சூடானதும், நின்ற இடத்தில் என்ஜின் விட்டுவிட்டு உதறி மிஸ்ஸிங் அடிக்கிறது. வேகம் எடுத்தால் அடங்குகிறது. பிளக் இரண்டு முறை மாற்றியாயிற்று. வயர் மாற்றியாயிற்று. காயில், கேஸ் ஃபில்டர், ரெகுலேட்டர் எல்லாம் புதிது. கடைசி வரி: 'லியூபனிடம் கேள், ஆனால் நான் கேட்டதாகச் சொல்லாதே.'

என்ன கோளாறு என்று நான்காவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லமாட்டேன். சொல்வதற்கு முன் ஒரு கணக்கை நேராக்கவேண்டும்.

ருசேயில் ஆற்றங்கரைச் சாலைப் பட்டறை நம் இருவருடையது. கேஸ் பொருத்துவது உங்கள் கை, தாளில் பொறியாளர் கையெழுத்து என்னுடையது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சோதனைத் தாள், பன்னிரண்டு வரிகள். ஏழாவது வரி வால்வு இடைவெளி. கேஸ் பெட்ரோலைவிடச் சூடாக எரியும், வால்வு தன் இருக்கையைத் தின்றுகொண்டு உள்ளே இறங்கும், இடைவெளி குறையும். அதனால் அளந்து எழுதவேண்டும். டாக்ஸி ஓட்டுநர் ஹரலாம்பியின் தாளில் அந்த வரியில் ஒரு டிக் இருந்தது. தேதி 19 பிப்ரவரி 1999. அன்று நான் ருசே மருத்துவமனையில், பித்தப்பையை எடுத்த மூன்றாம் நாள், வயிற்றில் ஒரு குழாயோடு படுத்திருந்தேன். ஜூன் மாதம் அந்த டாக்ஸி ரயில்வே கேட்டில் வேகம் குறைத்தபோது என்ஜின் நின்றுபோயிற்று. ரயில் வந்தது. ஹரலாம்பி குதித்தார். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. என்ஜினைப் பிரித்தபோது ஒரு வால்வு எரிந்து ஓரம் உதிர்ந்திருந்தது.

தாளின் கீழே என் பெயர். உரிமம் போயிற்று. பத்தொன்பது வருடம் என்ஜின் பாடம் நடத்திய தொழிற்பள்ளி, செப்டம்பரில் வரவேண்டாம் என்றது. அந்தத் தாளை நிரப்பியது யார் என்று விசாரணையில் நான் சொல்லவில்லை. அக்காவும் தங்கையும் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதார்கள், அதனால். அந்தக் கிறிஸ்துமஸ் மேசையில் உங்கள் அண்ணன் என்ன சொன்னார்? "பாவம் லியூபன், இவ்வளவு படிச்சவன், இப்படிக் கண்ணை மூடிக்கிட்டுப் போடலாமா?" நீங்கள் அவருக்கு ரொட்டித் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது தலைநகர் சோஃபியாவில் உரிமக் குழு பழைய வழக்குகளை மறுபடி பார்க்கிறது. மார்ச் 31 கடைசி நாள். எனக்கு உங்கள் கையால் ஒரு பக்கம் வேண்டும்: அந்தத் தாளை நிரப்பியது நீங்கள், வால்வை யாரும் அளக்கவில்லை, என் கையெழுத்து தவறாகப் பயன்படுத்தப்பட்டது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு உண்மைக்கும் நான் ஒரு சோதனை சொல்வேன். தொலைபேசி வேண்டாம். அதில் சொன்னதை மறுநாள் சொல்லவே இல்லை என்பீர்கள்.

முதல் சோதனை இலவசம், டாக்டருக்காக. வண்டியை அவரிடமிருந்து வாங்கி நிறுத்துங்கள். பிறகு சூடாக்கி, கேஸை அடைத்துவிட்டுப் பெட்ரோலில் ஓடவிடுங்கள். அப்போதும் மிஸ்ஸிங் இருந்தால் கேஸ் சாமான்களை நோண்டுவதை விட்டுவிடுங்கள்.

பொறியாளர் லியூபன் கரஜோவ்
(உரிமம் இல்லாதவர்)


ருசே
14 பிப்ரவரி 2003

சகலை,

'திரு. மெத்தோடி அவர்களுக்கு'ன்னு உறையில பார்த்ததும் வரி ஆபீஸ்னு நெனச்சு ஒரு நாள் பிரிக்காமலே வெச்சிருந்தேன். ஸ்லாத்தினாதான் பிரிச்சா. "வரி ஆபீஸா இருந்தா இவ்வளவு கோபமா எழுத மாட்டாங்க"ன்னு சொன்னா.

எனக்கு உன்னை மாதிரி எழுத வராது. பேசுற மாதிரிதான் வரும். பொறுத்துக்கோ.

வண்டிய நிறுத்திட்டேன். டாக்டருக்கு என் வேனைக் குடுத்திருக்கேன். அதுல முட்டைக்கோஸ் ஊறுகாய் வாடை. நோயாளிங்க வீட்டுக்கு இப்ப டாக்டர் வர்றதுக்கு முன்னாடி வாடை வருதாம். அந்தம்மா ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டுறாங்க, இந்தக் குளிர்ல.

பெட்ரோல்ல ஓட்டிப் பார்த்தேன். அதே மிஸ்ஸிங். அப்புறம் ஒவ்வொரு பிளக் வயரா உருவினேன். ஒண்ணை உருவினா திணறுது, ரெண்டை உருவினா திணறுது, நாலும் அப்படித்தான். மூணை உருவினா ஒரு மாற்றமும் இல்ல, அப்படியே ஓடுது. அப்ப மூணாவது சிலிண்டர் வேலைக்கே வரலை. சரின்னு மூணோட பிளக்கையும் வயரையும் ஒண்ணுக்கு மாத்திப் பார்த்தேன். கோளாறு அதுங்க கூடவே போகலை, மூணுலயே உக்காந்திருக்கு. கம்ப்ரஷன் அடிச்சேன், சிலிண்டருக்குள்ள அழுத்தம் எவ்வளவுன்னு. நாலுலயும் பன்னெண்டு பன்னெண்டு. நீ நெனைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்ல.

எதிர்ப்பட்டறை ஸ்தாமோ தினமும் வந்து இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நிக்கிறான். "என்ன மெத்தோடி, குதிரை இன்னும் மூணு காலுலதான் நிக்குதா?"ங்கறான். டாக்டர் மார்ச் இருபது வரைக்கும் பாக்குறேன்னாங்க. அப்புறம் வண்டி ரோட்டைத் தாண்டி அவன்கிட்ட போயிடும். அதுக்கு நான் பட்டறைய மூடிட்டு மீன் பிடிக்கப் போகலாம்.

இன்னைக்குத் திரிஃபோன் நாள். தோட்டத்துக்குப் போய்த் திராட்சைக் கொடிய வெட்டிட்டு, வெட்டின இடத்துல வைன் ஊத்திட்டு வந்தேன். உன் ஞாபகம் வந்துச்சு.

அன்னைக்கு நடந்தது நடந்துபோச்சு. எனக்கும் வருத்தம்தான். ஹரலாம்பிய இன்னும் சந்தையில பார்த்தா வேற பக்கம் போறேன். இது போதாதா? ஒரு விஷயம் மட்டும் சொல்றேன். நீ மட்டும்தான் வாய மூடிக்கிட்டு இருந்தியா? கொஞ்சம் யோசிச்சுப் பாரு.

மெத்தோடி


ஸ்மோல்யான்
19 பிப்ரவரி 2003

மெத்தோடி,

'நடந்தது நடந்துபோச்சு.' இதை உரிமக் குழுவுக்கு அனுப்பினால் சட்டம் போட்டு மாட்டிவைப்பார்கள். நடந்ததற்கு ஒரு கை இல்லையா, பேனா இல்லையா? தாள் தானாக நிரம்பிக்கொண்டதா? உன்னை 'நீங்கள்' என்று அழைக்கும் பொறுமைகூட இப்போது எனக்கு இல்லை.

இன்று தேதியைப் பார்த்தாயா? நான் பார்த்தேன். நான்கு வருடம் முன்பு இதே நாளில் நீ ஒரு டிக் போட்டாய்.

கம்ப்ரஷன் பன்னிரண்டு என்கிறாய். எப்போது அடித்தாய்? நானே சொல்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கி, காப்பியை ஃபெண்டரில் வைத்து, ஐஸ் மாதிரி இருக்கும் என்ஜினில் அடித்தாய். சூடான என்ஜினில் பிளக் கழற்றினால் கை சுடும், அதனால் எப்போதும் நீ குளிரில்தான் அடிப்பாய். பத்து வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். வண்டி சூடானால்தானே நோய்? குளிர்ந்திருக்கும்போது நாடி பார்த்து என்ன பயன்? அரை மணி நேரம் ஓட்டு. நான்கு பிளக்கையும் கழற்று. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கவைத்து, சூட்டோடு அளந்து பார். மூன்றாவது குறைந்தால், அதற்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அள. எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் என்ன என்று உனக்கே தெரியும்.

ஏன் தெரியும் என்றால், அந்த வார்த்தையை என் வாயிலிருந்து நீ ஆயிரம் முறை கேட்டிருக்கிறாய். கேட்டுச் சிரித்துமிருக்கிறாய். பட்டறையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் என்ன சொல்வாய்? "பதினோரு வரி வண்டிக்கு, ஏழாவது வரி மட்டும் எங்க இஞ்சினீயருக்கு." ஸ்தாமோகூட அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் தொழிற்பள்ளியிலிருந்து நேராக வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

இப்போது நான் என்ன செய்கிறேன் தெரியுமா? பனிச்சறுக்குக்காரர்களை மலைமேல் இழுக்கும் தூக்கியின் டீசல் என்ஜினுக்கு ஆயில் பார்க்கிறேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மேலாளருக்கு இருபத்தாறு. அவன் என்னிடம், "தாத்தா, டீசலுக்குப் பிளக் எங்க இருக்கு?" என்று கேட்டான். டீசலில் தீப்பொறிப் பிளக்கே கிடையாது. நான் கோபப்படவேண்டியவர்கள் பட்டியலில் அவனையும் சேர்த்துக்கொண்டேன்.

வருத்தம் எனக்கு வேண்டாம். வாக்கியம் வேண்டும். 'நான்' என்று தொடங்கி முற்றுப்புள்ளியில் முடிகிற வாக்கியம்.

பொறியாளர் லியூபன் கரஜோவ்


ருசே
25 பிப்ரவரி 2003

சகலை,

பன்னெண்டு, பன்னெண்டு, ஏழு, பன்னெண்டு.

சூட்டோடதான். ஆள்காட்டி விரல் வெந்துபோச்சு, ஸ்லாத்தினா தயிர் தடவி விட்டிருக்கா. சந்தோஷமா? ஆயில் ஊத்தினேன். ஏழு ஏழாவே இருக்கு. ஏறலை.

அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். நீ என்னை என்ன செய்யச் சொல்லப் போறேன்னும் தெரியும். வால்வு மேல இருக்கிற டேப்பெட் கவரைத் திற, இடைவெளிய அள. அதானே? உண்மையச் சொல்றேன், ஜனவரியிலயே எனக்குச் சந்தேகம். காயில் மாத்துறப்பவே கை அந்தக் கவர்கிட்ட போச்சு. எட்டு போல்ட்டு, கால் மணி வேலை. போன கை திரும்பி வந்துடுச்சு. எதிர்ல ஸ்தாமோ நிக்கிறான் சகலை. ஏழாவது வரி இஞ்சினீயருக்குன்னு ஊர் முழுக்கச் சொன்ன வாய் இது. அவன் கண்ணு முன்னாடி நான் அந்தக் கவரைத் திறந்தா, நாளைக்குச் சந்தையில காய்கறி விக்கிறவ வரைக்கும் தெரிஞ்சிடும். அதுக்கு இன்னொரு காயில் வாங்கிப் போடலாம்னு தோணுச்சு. போட்டேன். மூணாவது காயில் அது.

சரி. உன் வாக்கியம் இந்தா:

நான்தான் ஹரலாம்பியோட தாளை நிரப்பினேன். என் பேனா, நீல மை. வால்வை நான் அளக்கலை, டிக் மட்டும் போட்டேன்.

முற்றுப்புள்ளி வெச்சுட்டேன், பார்த்துக்கோ.

ஆனா இது முழுசு இல்லன்னு உனக்கும் தெரியும். மிச்சமும் எழுதணும்னா எழுதுறேன். வேணுமா வேணாமான்னு நீ சொல்லு. நல்லா யோசிச்சுட்டுச் சொல்லு.

மெத்தோடி


ஸ்மோல்யான்
2 மார்ச் 2003

மெத்தோடி,

உன் கடிதத்தை வெனெத்தாவும் படித்தாள். படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"இதோட விட்டுடுங்க" என்றாள். "அவரு எழுதினது போதும். இதை அனுப்பிடுங்க."

"மிச்சம் என்ன வெச்சிருக்கான்னு பார்க்க வேணாமா?"

"வேணாம்."

இருபத்தாறு வருடத்தில் அவள் சொல்லி நான் எதையும் விட்டதில்லை. இதையும் விடப்போவதில்லை. எனக்குப் பயம் காட்டுகிறாயா? பத்தொன்பது வருடம் நாற்பது பேர் முன்னால் நின்று கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். எல்லாவற்றையும் எழுது. தனிக் காகிதத்தில், தேதி போட்டு, உன் முழுப் பெயரோடு எழுது. ஒரு வரி விடாதே.

உன் வாக்கியத்துக்கான சோதனை: வண்டி ஒரு பகலாவது நின்று குளிர்ந்திருக்கவேண்டும். கவரைத் திற. மூன்றாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடுகிற நிலைக்கு என்ஜினைக் கையால் சுற்று. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வில் ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக விடு. புத்தகத்தில் 0.30 மில்லிமீட்டர். எந்தத் தகடு நுழைகிறது என்று எழுது.

ஷட்டரை இறக்கிவிட்டுத் திறக்கலாம் என்று நினைப்பாய். திறந்துவைத்துச் செய். அது என் நிபந்தனை.

பொறியாளர் லியூபன் கரஜோவ்


ருசே
8 மார்ச் 2003

சகலை,

திறந்தேன். ஷட்டர் முழுசா மேல. பட்டப்பகல், மகளிர் தினம் வேற, ரோடு முழுக்கப் பூவும் கையுமா ஜனங்க. ஸ்தாமோ வந்து நின்னான்.

"என்ன, மூளைய ஆபரேஷன் பண்றியா?"ன்னான்.

"ஏழாவது வரி"ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். நிமிர்ந்து பார்க்கலை.

சிரிப்பான்னு நெனச்சேன். சிரிக்கலை. குனிஞ்சு பார்த்தான். தகடை விட்டேன், 0.30 போகலை. 0.20 போகலை. கட்டுலயே மெல்லிசா இருக்குமே 0.05, அதுவும் போகலை. மூணாவது எக்ஸாஸ்ட்ல இடைவெளின்னு ஒண்ணே இல்ல. குளிர்ல எப்படியோ மூடிக்குது, சூட்டுல தண்டு நீண்டதும் மூட முடியாம வாயத் திறந்துக்கிட்டு நிக்குது. அதான் ஏழு. மத்த எக்ஸாஸ்டும் 0.15தான் இருக்கு. ஸ்தாமோ அவன் பட்டறைக்குப் போய் ஒரு கேஸ் வண்டியோட கவரைக் கழட்ட ஆரம்பிச்சுட்டான். மெய்யாத்தான் சொல்றேன்.

இப்ப உன் மிச்சம்.

1999, திரிஃபோன் நாள். என் தோட்டம். கொடிய வெட்டியாச்சு, மூணாவது ஜாடி வைன். ரெண்டு நாள்ல உனக்கு ஆஸ்பத்திரி. நீயே சொன்னே, "நான் படுத்திருக்கறப்ப வேலை நிக்கக் கூடாது, தாளைக் கொண்டா"ன்னு. பட்டறையிலேர்ந்து கட்டா எடுத்துட்டு வந்தேன். இருபது தாள். ஒண்ணுலயும் ஒரு எழுத்து இல்ல. உன் வண்டி பானெட்டு மேல வெச்சு வரிசையா இருபதுலயும் கையெழுத்துப் போட்டே. காத்துல ஒண்ணு பறந்து வைன்ல விழுந்துச்சு, அதை எடுத்துத் துடைச்சு அதுலயும் போட்டே. யாரும் தப்பா நெனைக்கலை. ஊர்ல இருக்கிற எல்லா இஞ்சினீயரும் அப்படித்தான் குடுத்தான். உனக்கப்புறம் வந்தவனும் மாசா மாசம் ஒரு கட்டுப் போட்டுக் குடுத்துட்டுத்தான் போறான். டாக்டர் வண்டித் தாள்கூட அந்தக் கட்டுல ஒண்ணுதான். அதுலயும் ஏழாவதுல என் டிக்.

பதினாறு தாளை நிரப்பினேன். நாலு மிஞ்சிச்சு.

விசாரணை பண்ண வந்த ஆளு கேட்டான், "இது லியூபன் கரஜோவோட கையெழுத்தா?" ஆமான்னேன். பொய் சொல்லலையே. நீ எதிர் பெஞ்சுல உக்காந்திருந்தே. நீ வெத்துத் தாளுன்னு சொல்லுவேன்னு நான் பார்த்துக்கிட்டு இருந்தேன். நான் சொல்லுவேன்னு நீ பார்த்துக்கிட்டு இருந்தே. ரெண்டு பேரும் சொல்லலை. சொல்லியிருந்தா பதினாறு வண்டியும் திரும்பி வந்திருக்கும், நீயும் நானும் சேர்ந்து உள்ளே போயிருப்போம்.

நீ எனக்காக வாய மூடினேன்னு ரெண்டு குடும்பமும் நம்புது. நான் அந்த நாலு தாளை அலமாரியில வெச்சுப் பூட்டினேனே, அது யாருக்காக? அளக்காதது என் தப்பு. என்னோடது, யாருக்கும் பங்கு தரலை. வெத்துத் தாள்ல போட்டது உன்னோடது. கிறிஸ்துமஸ்ல ரொட்டிய நகர்த்திக்கிட்டு இருந்தேன்னு எழுதியிருந்தே. வேற என்ன பண்றது? வாயத் திறந்தா ரெண்டு பேருமே விழுவோம்.

நீ கேட்ட பக்கம் உறைக்குள்ள இருக்கு. ரெண்டையும் எழுதியிருக்கேன், என்னோடதையும் உன்னோடதையும். அனுப்புறதும் கிழிக்கிறதும் உன் இஷ்டம். நகல் எடுக்கலை. மிஞ்சின நாலு தாளையும் அதே உறையில வெச்சு அனுப்புறேன். எனக்கு வேணாம் அதுங்க, அலமாரியத் திறக்கறப்பல்லாம் நீ முறைக்கிற மாதிரியே இருக்கு.

இடைவெளி எவ்வளவு வெக்கணும்? புத்தகத்து அளவா, கேஸுக்கு வேறயா? வால்வு ஏற்கெனவே எரிஞ்சிருந்தா என்ஜின் ஹெட்டைக் கழட்டி இறக்கணுமா? இருபதாம் தேதி வருது சகலை.

மெத்தோடி ஸ்பஸோவ் த்ரென்கோவ்
(முழுப் பேரு கேட்டியே)


ஸ்மோல்யான்
14 மார்ச் 2003

மெத்தோடி,

உறை செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கு தாள்களையும் சமையலறை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். போலி என்று தெரிய ஒரு கோணலாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. நல்ல கையெழுத்து, தடையில்லாமல் ஓடியிருக்கிறது. நான்காவது தாளில் வட்டமாக ஒயின் கறை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீ கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம். நான் மறந்திருக்கவில்லை. நான்கு வருடமாக எல்லோரிடமும் 'என் கையெழுத்து தவறாகப் பயன்படுத்தப்பட்டது' என்றுதான் சொல்லிவந்தேன். 'போலி' என்று ஒரு முறையும் சொன்னதில்லை. அவ்வளவு கவனமாக வார்த்தையைப் பொறுக்கியவனுக்கு எல்லாம் நினைவிருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

வெனெத்தா எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா இது?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு உங்ககிட்ட பேனா இல்ல. கைப்பையிலேர்ந்து எடுத்துக் குடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க?"

"அப்ப ஏன் இவ்வளவு நாள் சொல்லலை?"

"நீங்க அவ்வளவு அழகா கோபமா இருந்தீங்க. கெடுக்க மனசு வரலை."

உருளைக்கிழங்கை உரித்து முடித்தாள். நான் எழுந்து போய் ஒரு மணி நேரம் பனி தள்ளினேன். தள்ளவேண்டிய பனி எதுவும் இல்லை.

இதைப் படித்துவிட்டு சமாதானமாகிவிட்டது என்று ஸ்லாத்தினாவிடம் சொல்லி கேக் செய்யச் சொல்லாதே. ஆகவில்லை. நான் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டேன், ஆனால் அளக்காதே என்று எங்கும் எழுதவில்லை. படித்தவன் கண்ணை மூடிக்கொண்டு போட்டான் என்று உன் அண்ணன் சொன்னது சரியாகவே இருந்தாலும், நீ அங்கே ரொட்டியை நகர்த்தியிருக்கக் கூடாது. என் வேலை போனது, உன் பட்டறை நிலைத்தது. இது என்றைக்கும் எனக்கு நியாயமாகத் தோன்றப்போவதில்லை. தோன்றவேண்டும் என்று நான் முயற்சி செய்யப்போவதுமில்லை.

இப்போது வண்டி.

குளிர்ந்த என்ஜினில் செய். எக்ஸாஸ்ட் நான்கிலும் 0.35 வை. புத்தகத்தைவிட ஒரு முடி கூடுதல், கேஸுக்காக. கொஞ்சம் டக் டக் என்று கேட்கும். டாக்டரிடம் சொல்லிவிடு, அது ஆரோக்கியமான சத்தம் என்று. உள்ளிழுக்கும் வால்வுகளுக்குப் புத்தக அளவே போதும். வைத்தபின் என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, எட்டையும் மறுபடி அள. முதல் முறை அளந்ததை நம்பாதே, யார் அளந்திருந்தாலும். பிறகு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, சூட்டோடு கம்ப்ரஷன் அடி. மூன்றாவது பதினொன்றுக்கு மேல் வந்தால் வால்வு பிழைத்துவிட்டது, வண்டியைக் கொடு. ஒன்பதுக்குக் கீழேயே நின்றால் ஓரம் எரிந்துவிட்டது. ஹெட்டை இறக்கி வால்வையும் இருக்கையையும் மாற்றாமல் வண்டியை வெளியே விடாதே, இருபதாம் தேதி போனாலும் சரி, ஸ்தாமோ கைதட்டினாலும் சரி. இரண்டுக்கும் நடுவில் நின்றால் ஒரு வாரம் நீயே ஓட்டிவிட்டு மறுபடி அள. ஏறினால் கொடு, ஏறாவிட்டால் இறக்கு. உன் வேனிலேயே அவர் போகட்டும், ஊறுகாய் வாடை யாரையும் கொல்லாது.

பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை கவரைத் திற. ஏழாவது வரியில் டிக் போடாதே, எண்ணை எழுது. எட்டு வால்வு, எட்டு எண். உன் புதுப் பொறியாளர் கொடுத்த வெற்றுத் தாள்கள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனையையும் அவரிடமே திருப்பிக் கொடு. ஏன் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லு. இந்த விஷயத்துக்கு அந்தப் பெயர் உதவும்.

உன் ஒரு பக்கத்தை இன்று காலை உரிமக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அதனோடு என் பக்கம் ஒன்றும் சேர்த்தேன்: இருபது தாள், என் வண்டியின் பானெட், என் மனைவியின் பேனா, தெரிந்தே போட்டது, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உரிமம் கிடைக்காது. எனக்குத் தெரியும். இவ்வளவு ஒத்துக்கொண்டவனுக்கு யார் கொடுப்பார்கள்? ஒருவேளை உன்னையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். போய் நில். நானும் வந்து நிற்பேன், எதிர் பெஞ்சில்தான். இந்த முறை யார் முதலில் சொல்வது என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிரதி ஹரலாம்பிக்கும் போயிருக்கிறது. நான்கு வருடமாக அவரிடம் சொல்லாத இரண்டு பேரில் ஒருவனாக இருந்து எனக்கு அலுத்துவிட்டது. நீயும் இனி சந்தையில் வேறு பக்கம் போகாதே.

குழுவுக்குப் போன பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். முழுதாக எழுதிமுடித்து, இரண்டு முறை படித்துப் பார்த்து, அதன் பிறகு போட்டேன். பானெட்டில் போட்டது இதைவிட அழகாக இருந்தது.

மற்ற நான்கு கையெழுத்துகளையும் வெனெத்தாவின் தையல் கத்தரியால் தாளின் அடியிலிருந்து வெட்டி அடுப்பில் போட்டுவிட்டேன். மிச்சத் தாள் நல்ல தாள், வீணாக்க மனமில்லை. நீ இப்போது கையில் வைத்திருப்பது அவற்றில் ஒன்று. திருப்பிப் பார், பன்னிரண்டு வரி அச்சடித்திருக்கும். கீழே பெயர் வரவேண்டிய இடத்தில் தாளே இல்லை.

"ஓரத்துலயாவது பேரைப் போடுங்க" என்று வெனெத்தா இப்போது சொல்கிறாள். "யாரு எழுதினதுன்னு தெரிய வேணாமா?"

"அவனுக்குத் தெரியும்."

"நாலு எழுத்துதானே. போட்டா என்ன குறைஞ்சுடுவீங்க?"

குறையமாட்டேன். ஓரத்தில் இடமும் இருக்கிறது, பேனாவும் கையில் இருக்கிறது. ஆனால் இந்த வருடம் நான் போடவேண்டிய கையெழுத்தைக் காலையிலேயே போட்டாயிற்று. உனக்கென்று இன்னொன்று இல்லை. அஞ்சலகம் ஐந்து மணிக்கு மூடுகிறது. கையெழுத்து இல்லாமல், இப்படியே, இதைப் பெட்டியில் போடப்போகிறேன்.